சம்பந்தி பார்க்க வளர்த்த உடம்பு

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் ஆற்றோரத்து அரிசிக் கிட்டங்கியில் ஒரு விளையாட்டு நடக்கும். மூட்டை நிறுக்கிற பெரிய தராசின் பலகையில் ஆட்கள் ஒவ்வொருவராக ஏறி நின்று எடை பார்ப்பார்கள். எல்லாரும் இறங்கிய பிறகு, கடைசியாக மருதமுத்துவைக் கூப்பிடுவார்கள்.

"அண்ணே, மெதுவா ஏறுங்க. தராசு கெட்டுப்போச்சுன்னா மொதலாளி தவுக்கே நம்ம சம்பளத்துலதான் பிடிப்பான்" என்பான் தியாகு. மூட்டை தூக்குகிறவன், வாய்த்துடுக்கு அதிகம்.

"நீ வெளிய போறப்ப பாத்துப் போடா. ஒன் எலும்பைப் பாத்து நாய் பின்னாலயே வந்துடப்போவுது" என்று சொல்லிக்கொண்டே மருதமுத்து ஏறுவார். பலகை முனகும். முழு அரிசி மூட்டை ஒன்றையும் அதன்மேல் கால் மூட்டையையும் வைத்தால் என்ன காட்டுமோ, அதைத் தராசு காட்டும். எல்லாரும் கை தட்டுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே இறங்கி, கழுத்து வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொள்வார்.

அவர் என் அக்கா ருக்மணியின் கணவர், என் அத்தான். காஜா பெராங்கில் அவர்களுடைய பலகை வீட்டில்தான் நானும் இருந்தேன். எனக்கு வேறு வீடு இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் புக்கிட் ரம்பாய் ரப்பர் தோட்டத்திலிருந்து என் கணவரையும் அத்தானையும் ஒரே லாரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். என் கணவர் திரும்பவில்லை. அத்தான் திரும்பினார். திரும்பினார் என்று சொல்வதைவிட, அவருடைய எலும்பு திரும்பியது என்று சொல்லலாம். அவருடைய அக்கா சாரதாம்பாள் வீட்டு வாசலில் ஒரே ஒரு படி. அதை ஏற முடியாமல் வாசலிலேயே படுத்துவிட்டார். சாரதாம்பாள் அண்ணிதான் தூக்கி உள்ளே கிடத்தி, கஞ்சித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் தடவித் தடவி அவரை எழுப்பினார். கன்னத்தில் கொஞ்சம் சதை வந்த அன்றைக்கு அண்ணி கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்ததை நான் பார்த்தேன்.

அதனால் எங்கள் வீட்டில் சதை என்றால் உயிர். அத்தான் பருக்கப் பருக்க நாங்கள் எல்லாரும் மகிழ்ந்தோம்.

கிட்டங்கியில் சேர்ந்த புதிதில் அவர் மூட்டை தூக்கினார். அப்போது மலைபோலச் சோறு சாப்பிட்டாலும் உடம்பில் தங்காது. பிறகு தவுக்கே அவரைத் தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். எடையைப் படித்துச் சத்தமாகச் சொல்வதுதான் வேலை. வேலை குறைந்தது, சோறு குறையவில்லை. விடிந்ததும் டின் பால் ஊற்றிய காப்பி, பசியாறத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோறு, பத்து மணிக்கு ரொட்டியும் இன்னொரு காப்பியும், மத்தியானம் தட்டு நிறையச் சோறு, சாயங்காலம் பக்கத்தில் மலாய் பேசும் செட்டி வீட்டு அம்மா கொண்டுவரும் தேங்காய்ப்பால் பலகாரம், ராத்திரி மறுபடியும் சோறு. சோற்றுப் பானையில் ஒரு பிடியாவது மிச்சம் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவார்.

"பசின்னு ஒரு பேச்சு இந்த வூட்டுல வரக்கூடாது" என்பார்.

ஐம்பத்தாறாம் வருஷம் பிப்ரவரியில், மலாய் நாட்டின் சுதந்திர நாளை அறிவிக்கப்போகிறார்கள் என்று ஊரே பாடாங் திடலுக்குப் போனது. அத்தான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு கிளம்பினார். பாதி தூரம்கூடப் போகவில்லை. ஒரு கடையின் ஐந்தடிக்கால் நடைபாதையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உதடு நீலமாகிவிட்டது. மூச்சு விசில் அடித்தது.

"நீங்க போங்க. நான் வாரேன்" என்றார்.

நாங்கள் போகவில்லை. கடைக்காரர் கொடுத்த நாற்காலியில் அவரால் ஒரு பக்கமாகத்தான் உட்கார முடிந்தது. எங்களைத் தாண்டிக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் கொடி பிடித்துக்கொண்டு போனார்கள். திடலிலிருந்து எழுந்த ஆரவாரத்தை நாங்கள் தெருவில் இருந்தே கேட்டோம்.

மறுநாள் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஜெயா, ஒரு சங்கதி. யார்கிட்டயும் சொல்லிடாத. அவரு ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குதுடி. ராத்திரி நாலஞ்சு தடவை எழுந்திரிக்கிறாரு. கால்ல அந்தப் புண்ணும் தீபாவளியிலேருந்து ஆறல."

டவுனில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் நல்லையாவிடம் போனோம். யாழ்ப்பாணத்துக்காரர், தலை நரைத்தவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். ரத்தமும் சிறுநீரும் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். அவருடைய எடைக் கருவியில் அத்தான் ஏறியதும் முள் கடைசி வரைக்கும் போய் முட்டி நின்றது.

"இது பொருத்தமான சாமான் இல்லை உமக்கு" என்றார் டாக்டர்.

"கிட்டங்கியில பாத்தா ரெண்டேகால் பிக்குல், முந்நூறு ராத்தல் காட்டுதுங்க" என்றார் அத்தான், கொஞ்சம் பெருமையாகத்தான்.

டாக்டர் சிரிக்கவில்லை. "உமக்குச் சலரோகம், அதுதான் நீரிழிவு, இருக்கு. ரத்தக் கொதிப்பு இருக்கு. இருதயம் வீங்கியிருக்கு. ஒரு ஆளுக்கெண்டு கடவுள் செய்த இருதயம், ரெண்டு ஆளுக்கு ரத்தம் இறைக்குது. எவ்வளவு காலம் இறைக்கும்? முழங்கால் நோகுதோ?"

"நோவுதுங்க."

"படுத்தால் மூச்சு முட்டுதோ?"

"முட்டுது."

"இது எல்லாம் வேற வேற வருத்தம் இல்லை. எல்லாத்துக்கும் வேர் ஒண்டுதான். தேவைக்கு மிஞ்சின கொழுப்பு. உழைக்கிற காலத்துச் சாப்பாட்டை உட்கார்ந்துகொண்டு சாப்பிடுகிறீர். சோற்றைப் பாதியாக்க வேணும். சீனி, டின் பால், தேங்காய்ப்பால் வேண்டாம். மீன் சாப்பிடும், கீரை சாப்பிடும், வயிறு நிறைய மரக்கறி சாப்பிடும். காலமையில நடக்க வேணும்."

சோற்றைப் பாதியாக்கு என்றதும், அவ்வளவு பெரிய மனிதர், அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "பட்டினி போடச் சொல்றாரா?" என்று அவளைத்தான் கேட்டார்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீர் சயாமுக்குப் போய் வந்தவரோ?"

அத்தான் தலையை ஆட்டினார்.

"விளங்குது. நான் பட்டினி கிடக்கச் சொல்லேல்லை. பட்டினி கிடந்தால் உடம்பு பயந்துபோய், பிறகு கண்டதெல்லாம் கேட்கும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்க வேணும். மூண்டு வேளையும் சாப்பிடும். பசிச்சால் ஒரு வெள்ளரிக்காயைக் கடியும். அங்கே உம்மைப் பசி கொல்லப் பாத்தது; நீர் தப்பி வந்திட்டீர். இஞ்சை இது கொல்லப் பாக்குது, இதிலயிருந்தும் தப்பலாம்."

அத்தான் தப்பத்தான் பார்த்தார். அது சுலபமாக இருக்கவில்லை. முதல் மாதம் அவர் அடுக்களை வாசலில் வந்து நிற்பார்; அக்கா பானை மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் அவர் கோபத்தில் தட்டைத் தூக்கிப் போட்டார். சிதறிய சோற்றை அவரே குனிந்து பொறுக்கி எடுத்துக் கழுவித் தின்றார். அதைப் பார்த்து மகள் சிவகாமி அழுதாள்.

விடியற்காலையில் நடக்கத் தொடங்கினார். முதலில் முச்சந்தி வரைக்கும், பிறகு கோயில் வரைக்கும், மழை விட்ட மாதங்களில் புக்கிட் பாரு ரோடு வரைக்கும். சிவகாமி கூடவே போவாள். கங்கோங் கீரையும் பாகற்காயும் அக்கா கையில் விதம்விதமாக மாறின. கிட்டங்கியில் தியாகு, "என்ன அண்ணே, ஆட்டுக்குப் போடறதையெல்லாம் ஒங்களுக்குப் போடறாங்க" என்று கிண்டல் செய்தான். "ஆமாடா, அதனாலதான் ஒன்னை முட்டலாம்போல இருக்கு" என்றார் அத்தான்.

அந்த வருஷ முடிவில் இடுப்பு வாருக்குப் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. எறும்பு வரவில்லை. காலில் புண் காய்ந்து தழும்பாகிவிட்டது. மல்லாந்து படுத்துத் தூங்கினார். ஒரு நாள் குளியலறையில் இருந்து அவர் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். என்னவோ ஏதோ என்று ஓடினோம். குந்தி உட்கார்ந்து தன் பாதத்தைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தார். "பாருங்க, கையி எட்டுது!" என்றார்.

ஆனால் முகம் மாறிப்போயிருந்தது. சதை வற்றிய இடத்தில் தோல் தொங்கியது. கன்னம் ஒட்டி, கழுத்தில் மடிப்பு விழுந்து, பழைய சட்டை கொடியில் காய்வதுபோல உடம்பில் ஆடியது. வழியில் பார்க்கிறவர்கள் நின்று, "என்னாச்சுங்க? ஒடம்புக்கு முடியலியா?" என்று கேட்பார்கள். செட்டி வீட்டு அம்மாகூட வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "சாக்கித்கா?" என்று மலாயில் அக்காவை ரகசியமாக விசாரித்தாள். நோயில்லை, குணமாகியிருக்கிறார் என்று அக்கா சொன்னால் யாரும் நம்பவில்லை. மனிதர் மெலிந்தால் எங்கள் ஊருக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். அதன் பேரை உரக்கச் சொல்லமாட்டார்கள். நெஞ்சைத் தொட்டுக் காட்டி, இருமிக் காட்டுவார்கள். சயரோகம்.

அந்த நேரத்தில்தான் சிவகாமிக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை தமிழ்ப்பள்ளி ஆசிரியர், நல்ல பையன். அவனுடைய தகப்பனார் சேதுபதி செமாபோக்கில் இரண்டு லாரி வைத்திருந்தார். முந்தின வருஷம் மாசி மகத்தில் சன்னாசிமலை அடிவாரத்தில் அத்தானைப் பார்த்து, "இந்தாளு வீட்டுல சம்பந்தம் வச்சா நம்மள மாதிரியே நிறைஞ்ச குடும்பம்" என்று சொன்னவர் அவர். அவரும் கனத்த சரீரம். உட்காரும்போதும் எழும்போதும் தொடையில் கை ஊன்றித் 'தம்' பிடிப்பார்.

பெண் பார்க்க வந்த அன்று அத்தானைக் கண்டதும் அவர் முகம் மாறியது. பெண்ணைப் பார்த்ததைவிட அத்தானைத்தான் அதிகம் பார்த்தார். அத்தானுக்குக் காப்பி தொண்டையில் சிக்கி ஒரு முறை இருமல் வந்தது. வந்திருந்த பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக் காப்பியை அதற்குப் பிறகு யாரும் குடிக்கவில்லை. டம்ளர்கள் நிறைந்தபடியே உள்ளே வந்தன.

இரண்டு வாரம் செய்தி இல்லை. அக்கா டாக்டரிடம் ஓடினாள். அவர் அத்தானின் நெஞ்சை எக்ஸ்ரே படம் பிடிக்கச் செய்து, நுரையீரலில் ஒரு புள்ளிகூட இல்லை என்று எழுதியும் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு அத்தானும் நானும் செமாபோக் போனோம்.

சேதுபதி படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எனக்கு ஒங்க மேல சந்தேகம் இல்ல மருதமுத்து. நான் நம்புறேன். ஆனா கல்யாணத்துக்கு வர்ற ஐந்நூறு பேருக்கும் இந்தப் படத்தைக் காட்டவா முடியும்? ஊருக்கு மொகந்தானே தெரியும்?"

"நோய் இல்லன்னு டாக்டரே எழுதியிருக்காரே" என்றேன் நான்.

"இருக்கட்டும்மா. பையனுக்குப் பின்னால ரெண்டு பொண்ணு நிக்குது. சயரோக வீட்டுல சம்பந்தம் பண்ணினான்னு ஒரு வார்த்தை கெளம்பினாப் போதும், அதுங்களை யாரு கேப்பா?" அவர் கொடுமைக்காரர் இல்லை. தன் பெண்களுக்காகப் பயந்தார். "ஒண்ணு செய்யலாம். ஆவணியில வச்சுக்குவோம். அதுக்குள்ள ஒடம்பைத் தேத்திக்குங்க. பழையபடி ஆயிட்டீங்கன்னா யாரு வாயைத் தெறக்கப்போறா?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது அத்தான் அந்தப் படத்தைக் கசங்காமல் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சாரதாம்பாள் அண்ணி மூட்டை முடிச்சோடு புக்கிட் ரம்பாயிலிருந்து வந்து இறங்கினார். வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

"ஏண்டி ருக்மணி, செத்தவனை எழுப்பி ஒங்கையில குடுத்தேன். மறுபடியும் எலும்பாக்கி வச்சிருக்கியே? புருசனுக்குச் சோறு போடக்கூட ஒனக்குக் கையி வரலியா?"

"அண்ணி, டாக்டரு சொல்லித்தான்..."

"எந்த டாக்டரு? அன்னிக்கு இவன் என் வாசல்ல விழுந்து கெடந்தப்ப எந்த டாக்டரு வந்தான்? சோறுதான் எழுப்பிச்சு! பொட்டப்புள்ள கல்யாணம் நின்னு கெடக்கு, நீ வெள்ளரிக்காய் நறுக்கிக்கிட்டு உக்காந்திருக்க."

அண்ணி சொன்னதில் அன்றைய சங்கதி முழுக்க உண்மை. இன்றைய சங்கதி வேறு என்பதை அண்ணிக்குப் புரிய வைக்கிற வார்த்தை எங்களிடம் இல்லை.

சிவகாமிதான் பேசினாள். "எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்ப்பா. நீங்க நடந்துக்கிட்டே இருங்க."

"நீ சும்மா இரு. இதுக்கு முன்னால ஒரு எடம் கைவிட்டுப் போச்சு. இதுவும் போனா?" என்றார் அண்ணி.

அத்தான் எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். பிறகு மகளின் தலையில் கை வைத்து, "நாலஞ்சு மாசந்தானே-லா? கல்யாணம் முடியட்டும். மறுநாளே நடக்க ஆரம்பிச்சிடறேன். கொறைக்கிற வித்தைதான் எனக்குத் தெரியுமே" என்றார்.

எல்லாரும் அதை நம்பினோம். ஏற்றிய எடையை வேண்டும்போது இறக்கி வைக்கலாம், நடுவில் உடம்பு ஒன்றும் செய்துகொள்ளாமல் காத்திருக்கும் என்று நினைத்தோம்.

அண்ணி அடுக்களையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். டின் பால் பெட்டியாகவே வந்தது. காலையில் கறுப்பு பீரில் பச்சை முட்டை உடைத்து ஊற்றிக் கலக்கிக் கொடுத்தார். அது ரத்தம் ஊறவாம். பதினோரு மணிக்கு ஆட்டுக்கால் சூப்பு கிட்டங்கிக்கே போகும். சோற்றுக்குள் நெய்யைக் குழி பறித்து ஊற்றுவார். படுக்கப்போகும்போது மால்ட் மாவு கரைத்த பால். முதல் சில நாள் அத்தானுக்கு இறங்கவில்லை, குமட்டியது. பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்காக ஒரு வாய், புள்ளைக்காக ஒரு வாய்" என்று அண்ணி ஊட்டிவிடுவார்.

பிறகு ஊட்ட வேண்டியிருக்கவில்லை. வருஷம் முழுக்கக் கஷ்டப்பட்டு அவர் அடக்கி வைத்திருந்த பழைய பசி எழுந்துகொண்டது. யாரும் கூப்பிடாமலேயே அடுக்களைக்குப் போனார். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் பானைப் பக்கம் போகும். அக்கா பானை மூடியில் கை வைத்தால், "அக்கா, இவளைப் பாரு" என்று அண்ணியைக் கூப்பிட்டார். காலை நடை நின்றது. டாக்டர் இருக்கும் தெருவழியே போவதையும் நிறுத்திவிட்டார்.

அக்கா மட்டும் ஒரு முறை தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தாள். அவர் பேனாவை மூடி வைத்தாராம். பிறகு, "தங்கச்சி, இறக்கின சுமையை நோயாளி இருதயத்தில திரும்ப ஏத்துகிறீர்கள், அதுவும் அவசரமாக. கூட்டிக்கொண்டு வாரும். நான் அந்தச் சம்பந்தியோடயும் கதைக்கிறேன்" என்றாராம். அத்தான் வர மறுத்துவிட்டார். "கல்யாணம் முடியட்டும்" என்ற ஒரே பதில்.

ஊர் சந்தோஷப்பட்டது. "இப்பத்தான் மனுசன் மாதிரி இருக்கீங்க", "மொகத்துல களை வந்துடுச்சு" என்று தெருவில் நிறுத்திச் சொன்னார்கள். செமாபோக்கிலிருந்து தாம்பூலத் தட்டு வந்தது. அண்ணி அத்தானை உட்கார வைத்து மிளகாய் சுற்றிப் போட்டார். அன்று அத்தானின் கணுக்காலை நான் பார்த்தேன். வீங்கிப் பளபளத்தது. அக்கா விரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்தது, விழுந்த பள்ளம் எழவில்லை. பாதத்துத் தழும்பு வாய் பிளந்து ஈரமாக இருந்தது.

சுதந்திரம் வந்த அன்று காஜா பெராங் முழுக்கத் தோரணம். அத்தானால் வாசல் தாண்ட முடியவில்லை. மூன்று தலையணையை முதுகுக்கு அடுக்கி, ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு நின்றது. தெருவில் பிள்ளைகள் "மெர்டேக்கா" என்று கத்திக்கொண்டு ஓடியபோது அவரும் கையைத் தூக்கினார். குரல் வரவில்லை.

அடுத்த வாரம் கல்யாணம். பட்டு வேட்டியை அவர் இடுப்பில் சுற்றிக் கட்ட இரண்டு பேர் வேண்டியிருந்தது. தாரை வார்க்கும்போது அவர் கைக்குக் கீழே அக்கா கையைக் கொடுத்துத் தாங்கினாள். பார்க்கிறவர்களுக்கு அது சம்பிரதாயமாகத் தெரிந்தது. நெற்றியிலிருந்து வேர்வை தாரை நீரோடு சேர்ந்து விழுந்தது. சேதுபதி கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "பாத்தீங்களாய்யா எங்க சம்பந்தியை! ராஜா மாதிரி இருக்காரு. இவருக்கா சீக்கு?" எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். நான் பார்த்த அவருடைய கடைசிச் சிரிப்பு அது.

மூன்றாம் நாள் மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் மாமனார் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவர் கை வைக்காமல் மாப்பிள்ளை கை வைக்கமாட்டான். கோழி, ஆட்டுக்கறி, நெய்ச்சோறு. "போதும்" என்று அவர் இலையை மறைக்கும்போதெல்லாம் அண்ணி விரலை விலக்கிவிட்டுப் போட்டார். சாப்பிட்டு எழுந்து, கை கழுவக் கொல்லைக்குப் போனார். தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு வாளி உருளும் சத்தம் கேட்டது.

நாங்கள் போனபோது ஈரச் சிமெண்டில் ஒருக்களித்துக் கிடந்தார். நெஞ்சைப் பிடித்த கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. தூக்க முடியவில்லை. மாப்பிள்ளையும் தியாகுவும் அண்டை அயலாரும் சேர்ந்து தூக்கி உள்ளே கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டர் நல்லையா வந்தார். கண் இமையை விலக்கிப் பார்த்து மூடினார். அவர் யாரையும் திட்டவில்லை. அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

சவப்பெட்டி செய்யும் சீனர் அளவு எடுக்க வந்து, கயிறு போதாமல் இன்னொரு கயிற்றை முடிந்து நீட்டினார். பெட்டி வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்றினார்கள். தூக்க வந்தவர்கள் தெருமுனைக்குள் இரண்டு முறை தோள் மாற்றினார்கள். அப்போதும் கூட்டத்தில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது: "குடுத்து வச்ச மனுசன். ஒரு கொறையுமில்லாம சாப்பிட்டு, மகளைக் கட்டிக்குடுத்துட்டு மகாராசனாப் போயிட்டாரு."

சாரதாம்பாள் அண்ணி அழவில்லை. அடுக்களை மூலையில் உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் சோறு கொடுத்தாலும் வாங்கவில்லை.

கருமாதி அன்று சேதுபதி வந்தார். படியேறி வந்ததற்கே மூச்சு வாங்கியது. தூணில் சாய்ந்து நின்று நிதானித்து, பிறகு தொடையில் கை ஊன்றி உட்கார்ந்தார். பக்கத்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த செமாபோக் ஆட்கள், "சம்பந்திக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்துங்க" என்று குரல் கொடுத்தார்கள். பரிமாறியவன் வாளியோடு வந்தான்.

வெள்ளைச் சேலையில் உள்ளே உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வெளியே வந்தாள். விதவை அப்படிப் பந்தியில் வந்து நிற்கிற வழக்கமில்லை. அக்கா குனிந்து, பரிமாறியவனின் கரண்டியை விலக்கினாள்.

"சம்பந்தி, படியேறினா மூச்சு வாங்குதுல்ல?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமாம்மா... கொஞ்ச நாளாவே."

"ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கிறீங்க?"

அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாளைக்குக் காலையில டாக்டர் நல்லையாகிட்ட போங்க. ரத்தம் பாருங்க. சோத்தைக் கொறைக்கச் சொன்னா கொறைங்க, நடக்கச் சொன்னா நடங்க. பட்டினி கெடக்க வேணாம், அவரும் கெடக்கல. ஒரு வருசம் அவரு சொகமா மூச்சு விட்டதை நான் பக்கத்துல படுத்திருந்து கேட்டேன்."

சேதுபதி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பழக்கத்தில் வந்துவிட்டதோ, பயத்தில் வந்ததோ, மெல்லிய குரலில் சொன்னார்: "மெலிஞ்சு போனா... ஊரு ஏதாச்சும் பேசுமேம்மா."

"பேசும். பேசினா என்கிட்ட அனுப்புங்க." அக்காவின் குரல் உயரவில்லை. ஆனால் பந்தியின் கடைசி இலை வரைக்கும் கேட்டது. "பருத்தவனெல்லாம் சொகமா இருக்கான், மெலிஞ்சவனெல்லாம் சீக்காளின்னு நாம நெனச்சோம். சோறு போட்டா பாசம், கையைப் புடிச்சா பகைன்னு நெனச்சோம். அதிகச் சதையும் ஒரு நோய்தான் சம்பந்தி. அதுக்கு மருந்து இருக்கு. அந்த மருந்தைச் சாப்பிட்டவரை, ஊரு கண்ணுக்கு அழகா இல்லன்னு நாமளே தடுத்துக் கொன்னுட்டோம். என் மகளுக்கு இப்ப அப்பான்னு கூப்பிட நீங்க ஒருத்தர்தான் மிச்சம். அவளுக்கு நீங்க மெலிஞ்சாலும் பரவாயில்ல, உசிரோட இருங்க."

சேதுபதி இலையை மூடினார்.